யோசெப் பாடாத வெள்ளிக்கிழமை

பொறுப்பை ஏற்பதற்கு முன்னர் கஜந்தினி இரண்டு நிபந்தனைகளை விதித்தாள். ஒத்திகைக்கு எவரும் ஐந்து நிமிடமேனும் பிந்தி வரக்கூடாது. சுருதி சேராமல் எவரும் வாயைத் திறக்கக்கூடாது.

"இரண்டாவது எனக்கும் பொருந்துமா?" என்று கேட்டார் ரபி தமார். மொன்றியலின் புறநகரான ரொக்ஸ்பரோவிலுள்ள அந்தச் சிறிய யூதத் தொழுகைக்கூடத்தின் மதகுரு அவர். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. தாம் பாடத் தொடங்கினால் வீட்டுப் பூனை எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடும் என்று தாமே சொல்லிச் சிரிப்பவர்.

"முதலில் உங்களுக்குத்தான்," என்றாள் கஜந்தினி. அவள் சிரிக்கவில்லை.

யூதர்களுக்கு வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததும் ஓய்வுநாள் பிறந்துவிடும். அதை வரவேற்கும் மாலை வழிபாட்டில் பேச்சுக் குறைவு. தொடக்கம் முதல் முடிவு வரை பாட்டுத்தான். அந்தப் பாட்டைப் பதினெட்டு ஆண்டுகளாக முன்னின்று நடத்திய முதிய பாடகர், மாசி மாதத்தில், மகள் வீட்டோடு இருந்துவிடுவதென்று வான்கூவருக்குப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு இன்னொருவர் கிடைக்கவில்லை. வழிபாட்டுக் குழு கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தது. பங்குனியில் மூன்று வெள்ளிக்கிழமைகளுக்குக் கூடத்தின் தன்னார்வலர்களும் பதின்ம வயதுப் பிள்ளைகளும் சேர்ந்து பாட்டை நடத்திப் பார்க்கட்டும். சரிவந்தால் தொடரலாம். சரிவராவிட்டால் வெள்ளி மாலை வழிபாட்டை ரொக்ஸ்பரோவில் நிறுத்திவிட்டு, டவுன்டவுனில் எண்ணூறு இருக்கைகளோடு நிமிர்ந்து நிற்கும் பெரிய கூடத்துடன் சேர்ந்துகொள்ளலாம்.

சரிவராமற் போனால் என்ன ஆகும் என்பதைக் கஜந்தினி மற்றவர்களைக் காட்டிலும் நன்றாக அறிந்திருந்தாள். பதினான்கு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து மொன்றியலுக்கு வந்தவள் அவள். பல்கலைக்கழகத்தில் கிறகரியைச் சந்தித்து, இரண்டு ஆண்டுகள் முறைப்படி படித்து, அவனுடைய சமயத்தைத் தானாக ஏற்றுக்கொண்டு, அதன்பின் அவனை மணந்தாள். செய்தி கேட்ட தாய் இந்திராதேவி மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் தொலைபேசியில் ஒரேயொரு கேள்வி கேட்டார்: "அங்கையும் வெள்ளிக்கிழமை விளக்குக் கொளுத்துறவையோ?" கொளுத்துவார்கள் என்று அறிந்ததும், "பேந்தென்ன," என்று சொல்லி வழக்கை முடித்துவைத்தார்.

ஆயினும், விளக்குக் கொளுத்துவது வேறு, ஓரிடத்தைத் தன் இடமாக்கிக்கொள்வது வேறு. டவுன்டவுன் கூடத்துக்கு எப்போதாவது போனால், வாசலில் நிற்பவர் புன்னகையோடு, "நீங்கள் யாருடைய விருந்தினர்?" என்று கேட்பார். ரொக்ஸ்பரோவில் அப்படி ஒருவரும் கேட்பதில்லை. "கஜந்தினி, அந்தக் கதிரைகளை அடுக்கு," என்கிறார்கள். பதினேழு ஆண்டுகளாக அவள் அடுக்கிவருகிறாள். வெள்ளிக்கிழமை இல்லாமற் போனால் அந்த உரிமையும் போய்விடும்.

ஆகவே அவள் தனக்குத் தெரிந்த வழியில் முழு மூச்சாக இறங்கினாள். அவளுக்குத் தெரிந்த வழி கர்நாடக சங்கீதம். ஊரில் சங்கீதப் பரீட்சையில் நான்காம் தரம் வரை தேறியவள். மொன்றியல் வந்தும் விடாமல் இன்னும் எட்டு ஆண்டுகள் கற்றவள். ஞாயிறுதோறும் பிற்பகல் இரண்டு மணிக்கு ஒத்திகை. ஏழு பேர்: கஜந்தினி, தாள வாத்தியம் தட்டும் பாடசாலைப் பேருந்துச் சாரதி ஒருவர், ஐந்து பிள்ளைகள். பிள்ளைகளில் ஒருத்தி அவளுடைய மகள் ரக்ஷனா, பதினைந்து வயது. மற்றொருவன் யோனா, பதினாறு வயது, கிற்றார் வாசிப்பான், ஆனால் அவனுடைய குரல் உடைந்துகொண்டிருந்ததால் எந்த நேரத்தில் எங்கே போய் நிற்கும் என்று அவனுக்கே தெரியாது.

"யோனா, 'வா' என்ற இடத்தில் நீ வழுக்குகிறாய். மறுபடியும்."

"மிஸிஸ் கஜந்தினி, பதினோராவது தடவை."

"பன்னிரண்டாவது தடவையில் சரிவரும்."

"அம்மா," என்றாள் ரக்ஷனா தமிழில், மற்றவர்களுக்கு விளங்காமல், "இது எக்ஸாம் இல்லை."

"எக்ஸாம்தான். மூண்டு வெள்ளி. மூண்டு பேப்பர்."

முதல் வெள்ளிக்கிழமை வந்தது. பனி உருகித் தெருவெல்லாம் சேறாயிருந்தது. வாசலில் சப்பாத்துகள் குவிந்தன. எழுபது பேர் வந்திருந்தார்கள். வழக்கமாக நாற்பதைத் தாண்டாது. பிள்ளைகள் வெள்ளைச் சட்டை அணிந்து மேடையில் பிறைவடிவில் நின்றார்கள். கஜந்தினி நடுவில் நின்று, தொடையோரமாக வலது கையால் எவருக்கும் தெரியாமல் தாளம் போட்டாள்.

முதல் பாட்டு கண்ணாடிபோல் வந்தது. ஒரு பிசிறு இல்லை. யோனாவின் குரல்கூட வழுக்கவில்லை. இரண்டாவது பாட்டின் நடுவில் மட்டும் ஒரு கரகரப்பு எங்கிருந்தோ வந்து கலந்தது. கஜந்தினி நிமிர்ந்து பார்த்தாள். இரண்டாம் வரிசை ஓரத்தில் யோசெப் பாடிக்கொண்டிருந்தார்.

யோசெப்புக்கு எழுபத்தொன்பது வயது. கசபிளாங்காவில் பிறந்தவர், மெற்றோவின் பச்சை வழியில் இருபத்தெட்டு ஆண்டுகள் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவர், வழிபாட்டுக் குழுவின் மூத்த உறுப்பினர். அவருடைய குரல் பெரியது. மொரோக்கோ நெளிவுகள் நிறைந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தப் பாட்டையும் அவர் அரைத் தாளம் பிந்தித்தான் பாடுவார். எல்லாரும் ஓர் அடியை முடித்து அடுத்த அடிக்குப் போனபின், அவருடைய குரல் முந்திய அடியின் வாலைப் பிடித்துக்கொண்டு ஆறுதலாக வந்து சேரும்.

கஜந்தினி யோசித்துச் செய்யவில்லை. அவளுடைய கை செய்தது. இடது உள்ளங்கையை அவர் பக்கமாகத் திருப்பி, சற்றே உயர்த்தி, மெல்லத் தாழ்த்தினாள். கச்சேரி மேடையில் பாடகர் மிருதங்கக்காரருக்குக் காட்டும் சைகை அது. பொறுங்கள், இப்போது வேண்டாம் என்பது அதன் பொருள்.

யோசெப் வாயை மூடினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் மூடினார். பின்வரிசையில் முணுமுணுத்துக்கொண்டிருந்த இருவர் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மடித்து மடியில் வைத்தார்கள். அதன்பின் கூடத்தில் பிள்ளைகளின் குரல்களைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. எத்தகைய அமைதி! கஜந்தினிக்கு மெய்சிலிர்த்தது. இத்தனை ஆண்டுகள் சங்கீதம் படித்தும் அப்படியொரு சபை அவளுக்கு வாய்த்ததில்லை.

வழிபாடு முடிந்ததும் சூழ்ந்துகொண்டார்கள். அருமை என்றார்கள். இசைத்தட்டுப் போடலாம் என்றார்கள். ரபி தமார் அவளுடைய இரு கைகளையும் பிடித்தபடி யோசெப் இருந்த பக்கம் பார்த்தார். யோசெப் மேலங்கியை மாட்டிக்கொண்டே வந்து, பிரெஞ்சு மொழியில் மிக மரியாதையாகச் சொன்னார்:

"மதாம், மிகச் சிறந்த கச்சேரி. அனுமதிச்சீட்டு வாங்காமல் கேட்டதற்கு மன்னிக்க வேண்டும்."

அதை அவள் பாராட்டென்றே எடுத்துக்கொண்டாள். காரில் ஏறியபின் மகிழ்ச்சி பொங்கச் சொன்னாள்: "பாத்தீங்களே, ஒரு ஊசி விழுந்தாக் கேக்கும். அவ்வளவு அமைதி."

பின்னிருக்கையிலிருந்து ரக்ஷனா சொன்னாள்: "ஓம் அம்மா. ஒருத்தரும் பாடேல்லை."

"அவை ஏன் பாடவேணும்? நாங்கள்தானே பாடினனாங்கள்."

"அம்மா, அவை கும்பிட வந்தவை. நாங்கள் அவையைப் பேசாமல் இருத்திப்போட்டு வந்திட்டம்."

காரை ஓட்டிக்கொண்டிருந்த கிறகரி, திருமணமாகிப் பதினேழு ஆண்டுகளில் தான் சேர்த்துவைத்திருந்த தமிழிலிருந்து மிகப் பத்திரமான ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தான். "ஓம்," என்றான்.

வீடு சேரும்வரை அவள் வானொலியின் ஒலியைக் கூட்டிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வந்தபோது பிள்ளைகள் ஏற்கெனவே வந்து வட்டமாகத் தரையில் இருந்தார்கள். அதுவே முறைகேடு. கதிரைகள் எதற்காக இருக்கின்றன?

"நாங்கள் கொஞ்சம் பேசலாமா, மிஸிஸ் கஜந்தினி?" என்றான் யோனா. அவர்கள் ஐவருமே கோடையில் லோரன்ஷியன் மலையிலுள்ள யூதப் பிள்ளைகளின் முகாமுக்குப் போய்வருபவர்கள். "முகாமில் முந்நூறு பேர் பாடுவோம். பாதிப் பேருக்கு எபிரேயம் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் எல்லாரும் பாடுவார்கள்."

"எப்படி?"

"முதலில் சொல் இல்லாமல் மெட்டை மட்டும் பாடுவோம். லாய் லாய் என்று. லாய் என்பதை யாரும் பிழையாகச் சொல்ல முடியாது. பிறகு சொல் வரும். சுருதியும் கீழே இருக்கும். அப்பாமாருக்கும் எட்ட வேண்டும், இல்லையா?"

"பேந்து, மேடையில நிக்கிறேல்லை," என்று ரக்ஷனா தமிழில் தொடர்ந்தாள். "ஆக்களுக்கு நடுவில நிப்பம். அவை பாடத் தொடங்கினவுடன நாங்கள் குரலைக் குறைச்சிடுவம். அதுதான் மெயின்."

"குறைக்கிறதோ? அப்ப நாங்கள் என்னத்துக்கு?"

"தொடங்கிறதுக்கு."

கஜந்தினி ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். சொல்லில்லாத மெட்டுக்குச் சம்மதித்தாள். ஆலாபனை என்று எண்ணிக்கொண்டால் அதில் குற்றமில்லை. மேடையை விட்டு இறங்கவும் அரைமனத்தோடு சம்மதித்தாள். சுருதியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஐந்து கட்டை. பெண்பிள்ளைகளின் குரல் அங்கேதான் துலங்கும். அதற்குக் கீழே இறக்கினால் பாட்டு தூங்கிவிடும்.

இரண்டாவது வெள்ளிக்கிழமை ஐம்பது பேர் வந்தார்கள். யோசெப் வரவில்லை.

லாய் லாய் என்று தொடங்கியதும் மக்கள் உண்மையாகவே சேர்ந்துகொண்டார்கள். அது நான்கு வரிக்குத் தாக்குப்பிடித்தது. மெட்டு மேலே ஏறியபோது ஆண்கள் பாதிப்பேர் மூச்சுப் பிடித்து நின்றார்கள். மீதிப்பேர் கிணற்றுக்குள் இறங்கியவர்கள்போல் அடியில் முனகினார்கள். பல் வைத்தியர் ஒருவர் துணிந்து உச்சிக்கு ஏறி, அங்கே ஒரு கீச்சொலியை எழுப்பி, கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த மாலை வழிபாட்டின் சிகரம் ஒன்பது கண்ணிகள் கொண்ட ஒரு வரவேற்புப் பாட்டு. ஓய்வுநாளை மணப்பெண்ணாகப் பாவித்து, அவளை உள்ளே அழைக்கும் பாட்டு. கடைசிக் கண்ணிக்கு எல்லாரும் எழுந்து, முன்பக்கத்துக்கு முதுகைக் காட்டி, வாசலை நோக்கித் திரும்பி, மணப்பெண்ணுக்கு வலப்புறமும் இடப்புறமும் தலை வணங்குவார்கள். அன்றும் அவ்வாறே எழுந்தார்கள், திரும்பினார்கள், வணங்கினார்கள். மிகச் சரியாக அந்த நொடியில் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவன் கிறகரி. சேற்றில் புதைந்த காரைத் தள்ளிவிட்டு வந்ததால் முழங்கால் வரை கறுப்பு; கையில் பனி அள்ளும் மண்வெட்டி. ஐம்பது பேர் தன்னை வணங்குவதைக் கண்டு திகைத்து, மரியாதை கருதி அவனும் குனிந்து வணங்கினான்.

"மணப்பெண் இந்த வாரம் தாடி வளர்த்திருக்கிறாள்!" என்று யாரோ சொன்னார்கள்.

அதற்குப் பிறகு பாட்டேது? கூடம் முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ரபி தமார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கஜந்தினி மட்டும் யோசெப்பின் வெற்றுக் கதிரையைப் பார்த்தபடி நின்றாள். சிரிப்பு அடங்கியபின் ரபி அவளிடம் தணிந்த குரலில் சொன்னார்: "அவர் இன்று டவுன்டவுன் போயிருக்கிறார். அடுத்த வெள்ளி முடிந்ததும் குழு கூடும். அவர் சொன்னால் மற்ற நால்வரும் தலையாட்டுவார்கள். உனக்குத் தெரியும்."

"நான் போய்ப் பார்க்கட்டுமா?"

"நான் சொல்லி நீ போகக்கூடாது. நீயாகப் போனால் போ."

புதன்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் அவள் இறங்கினாள். யோசெப் தெப்பனேர் எனப்படும் ஒரு மூலைக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் குடியிருந்தார். கீழே கடையில் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு படியேறினாள். அவர் கதவைத் திறந்து, பெட்டியைப் பார்த்து, விலைச்சீட்டைப் படித்து, "கடைக்காரன் உங்களை ஏமாற்றிவிட்டான், உள்ளே வாருங்கள்," என்றார்.

அவள் மேலங்கியைக் கழற்றாமலே பேசினாள். வீட்டில் ஒத்திகை பார்த்த பேச்சு அது. அந்தச் சைகை எங்கள் சங்கீதத்தில் உள்ள வழக்கம். பக்கவாத்தியக்காரருக்குக் காட்டுவது. சற்றுப் பொறுங்கள், உங்கள் முறை வரும் என்றுதான் பொருள். அவமதிப்பில்லை.

"என் முறை வரும் என்றா?"

"ஓம்... ஆமாம்."

"வந்ததா?"

அவள் தலை குனிந்தாள். "இல்லை. நான் கொடுக்கவில்லை."

யோசெப் சிரித்துவிட்டார். பெரிய சிரிப்பு. புதினாத் தேநீரை உயரத்திலிருந்து சின்னக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி அவளிடம் தள்ளினார்.

"மதாம், நான் ஏன் பிந்திப் பாடுகிறேன் தெரியுமா? தாளம் தெரியாது என்றுதானே நினைத்தீர்கள்?"

அவள் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"என் மனைவி பிளான்ஷ் கியூபெக் பெண். கத்தோலிக்கக் குடும்பம். நாற்பது வயதில் எபிரேய எழுத்துப் படித்தாள். அவளுடைய கண் ஓர் எழுத்தைப் பிடிப்பதற்குள் பாட்டு அடுத்த வரிக்கு ஓடிவிடும். பாவம், வாயை மூடிக்கொண்டு நிற்பாள். ஒருநாள் நான் கொஞ்சம் பிந்திப் பாடினேன். அவள் என் குரலைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். அதோடு அப்படியே பழகிவிட்டேன். அவள் போய் ஆறு வருடம். இன்னும் யாராவது பின்னால் நிற்பார்கள் என்று பிந்திக்கொண்டே இருக்கிறேன். பெரும்பாலும் நிற்கிறார்கள்."

கஜந்தினியின் கையிலிருந்த குவளை சுட்டது. அவள் அதைக் கீழே வைக்கவில்லை. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முந்திய முதல் வெள்ளிக்கிழமைகள் அவளுக்கு நினைவு வந்தன. வலமிருந்து இடமாக ஓடும் எழுத்துகள். எந்த வரியில் நிற்கிறோம் என்று தெரியாத தவிப்பு. மூன்றாம் வரிசையில் நின்றிருந்தாள். எல்லாரும் கடந்து போனபின், முன்வரிசையிலிருந்து ஒரு கரகரப்பான குரல் ஆறுதலாக அதே வரியைத் திரும்பச் சொல்லும். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பாடக் கற்றாள். ஆள் யாரென்று அப்போது தெரியாது. பின்னர் வரிகள் மனப்பாடமாகிவிட்டன, குரலும் மறந்துவிட்டது.

"உங்கள் பின்னால் நானும் நின்றிருக்கிறேன்," என்றாள். "ஒரு வருடம் முழுக்க."

"தெரியும்," என்றார் யோசெப். "ஒன்றரை வருடம். கெட்டிக்காரி இல்லை நீங்கள்."

ஞாயிற்றுக்கிழமைவரை பொறுத்தால் மூன்றாவது வெள்ளி கடந்துவிடும். வியாழக்கிழமை மாலையே மற்ற ஆறு பேரையும் அழைத்தாள். எல்லாரும் வருவதற்கு முன்பாகத் தானும் தரையில் அமர்ந்துகொண்டாள், முழங்கால் முறையிட்டது.

"சுருதி இரண்டு கட்டை," என்றாள். "யோனா, அதைக் கிற்றாரில் பிடி. எவருக்கும் மூச்சு முட்டக்கூடாது. அடுத்தது, ஒவ்வொரு வரியும் முடிந்தபின் ஒரு மூச்சு பொறுக்கவேண்டும். பின்னால் வருபவர்கள் வந்து சேரட்டும்."

"எவ்வளவு நேரம் பொறுப்பது?"

"அவர்கள் வந்து சேரும்வரை."

"எங்கட அம்மாதானோ இது?" என்றாள் ரக்ஷனா.

"வாயைப் பொத்திக்கொண்டு பாடு."

"வாயைப் பொத்திக்கொண்டு எப்படிப் பாடுறது?"

மகள் கேட்டது நியாயமான கேள்வி. கஜந்தினிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை எத்தனை பேர் வந்தார்கள் என்று அவள் எண்ணவில்லை. வரிசைகள் நிறைந்திருந்தன. பாடுபவர்கள் மேடையில் நிற்காமல் கூட்டத்துக்குள் கலந்து நின்றார்கள்: ரக்ஷனா இடப்பக்கம், யோனா நடுவழியில், மற்றவர்கள் ஆங்காங்கே. கஜந்தினி ஆறாம் வரிசையில் நின்றாள். பக்கத்தில் நின்ற மூதாட்டி கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்ததால், பெரிய எழுத்துப் புத்தகத்தை இரண்டு கைகளாலும் அவருக்குப் பிடித்துக்கொண்டிருக்கவேண்டியதாயிற்று. தாளம் போடக் கையில்லை. அதுவும் நல்லதாகவே முடிந்தது.

யோனா ஒரு தந்தியைத் தட்டினான். தாழ்ந்த, இளஞ்சூடான ஓர் ஒலி. லாய் என்று ரக்ஷனா தொடங்கினாள். இரண்டாவது லாய்க்குப் பல் வைத்தியர் வந்துவிட்டார். மூன்றாவதுக்கு அவருடைய மனைவி. இந்தச் சுருதியில் எவரும் மூச்சுப் பிடிக்க நேரவில்லை. ஆண்குரல்கள் தரைபோல் விரிந்தன. அதன்மேல் பெண்குரல்கள் நடந்தன. யோனாவின் குரல் நடுவில் ஓரிடத்தில் உடைந்து எங்கோ பறந்தது. முன்னால் நின்ற மனிதர் திரும்பிப் பார்க்காமலே அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு போனார். யோனா அடுத்த வரியில் வந்து சேர்ந்துகொண்டான்.

முதல் வரி முடிந்து, ஒரு மூச்சுப் பொறுத்தார்கள். அந்த இடைவெளிக்குள் இரண்டாம் வரிசையிலிருந்து, அரைத் தாளம் பிந்தி, அந்தக் கரகரப்புக் குரல் வரியின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தது. கஜந்தினி அப்போதுதான் அவர் வந்திருப்பதைக் கவனித்தாள். அவருக்குப் பின்னால் நின்ற புதிய இளம் தம்பதியின் உதடுகள் அசைவதையும் கவனித்தாள்.

வரவேற்புப் பாட்டின் ஒன்பதாவது கண்ணி வந்தது. எல்லாரும் வாசலை நோக்கித் திரும்பினார்கள். திரும்பியதும் கூடம் தலைகீழாயிற்று. பிந்தி வந்து மேலங்கியோடு கடைசி வரிசையில் நிற்பவர்கள், ஒருநாளும் வாய் திறக்காதவர்கள், இப்போது எல்லாருக்கும் முன்னால் நின்றார்கள். அவர்களைப் பார்ப்பதற்கு ஒருவருமில்லை. அவர்கள் எதிரே இருந்தது கதவு மட்டுமே. அவர்கள் பாடினார்கள். எப்படிப் பாடினார்கள்! மூடிய கதவில் பட்டு அந்த ஒலி திரும்பி வந்தது.

திட்டப்படி ரக்ஷனா குரலைக் குறைத்தாள். யோனா கிற்றாரை விட்டான். சாரதியின் மத்தளமும் நின்றது. பாட்டு முடியவேண்டிய இடம் அது. முடியவில்லை. எவரோ பல்லவியை மறுபடியும் எடுத்தார்கள். மற்றவர்கள் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். கை தட்டத் தொடங்கினார்கள். பல் வைத்தியர் பக்கத்திலிருந்தவரின் கையைப் பற்றினார், அவர் மற்றவருடையதை, ஒரு வரிசை இருக்கைகளைச் சுற்றி நகரத் தொடங்கியது. கடைசி வரிசை மேலங்கிக்காரர் ஒருவர் ரபி தமாரையும் இழுத்துக்கொண்டார். ரபி பாடிக்கொண்டே போனார். சுருதி முற்றாகச் சேரவில்லை. அதைப் பற்றி எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ரக்ஷனா கூட்டத்துக்குள் நுழைந்து தாயிடம் வந்தாள். கண்கள் பளபளத்தன. "அம்மா, நாங்கள் முடிச்சிட்டம். இவை முடிக்கீனமில்லை. இப்ப என்ன செய்யிறது?"

"எனக்குத் தெரியாது," என்றாள் கஜந்தினி. "பாடு."

மூதாட்டி புத்தகத்தை மூடச் சொன்னார். "எனக்கு இது மனப்பாடம். நீ கை வலிக்க நிற்கிறாயே என்றுதான் சொல்லாமல் இருந்தேன்." அதில் தருக்கம் ஏதுமில்லை. ஆனால் கஜந்தினி திருத்தவில்லை. அந்தச் சுருங்கிய கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் சேர்ந்துகொண்டாள்.

வழிபாடு முடிந்து, மக்கள் திராட்சைரசமும் பாணும் வைத்திருந்த மேசையை நோக்கி நகர்ந்தபோது, யோசெப் நேராக அவளிடம் வந்தார். முகம் கடுமையாயிருந்தது.

"மதாம், அடுத்த வெள்ளி இன்னும் அரைக் கட்டை இறக்கவேண்டும். என் வயதையும் யோசியுங்கள்."

"முடியாது. அதற்குக் கீழே போனால் பிள்ளைகளுக்கு எட்டாது."

"குழுவில் முறையிடுவேன்."

"தாராளமாக முறையிடுங்கள். குழு எப்போது கூடும்?"

"கூடிவிட்டது. மேலங்கி மாட்டும் இடத்தில். இரண்டு நிமிடம். ரபியால் வர முடியவில்லை, இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்."

அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். "என்ன முடிவு?"

"ஆனி முடியும்வரை யார் யார் எந்த வெள்ளி பாடுவதென்று பட்டியல் கேட்கிறார்கள். ஒழுங்காக, பிழையில்லாமல். அதற்கு உங்களை விட்டால் ஆள் இல்லையாம். நான் சொல்லவில்லை, மற்றவர்கள் சொன்னார்கள்."

கஜந்தினியின் கை தானாகக் கைப்பைக்குள் பேனாவைத் தேடியது.

"மதாம்! ஓய்வுநாளில் எழுதக்கூடாது."

கை வெளியே வந்தது. எழுத முடியாவிட்டால் போகட்டும். அவள் விரல் மடித்து எண்ணத் தொடங்கினாள்: சித்திரை முதல் வெள்ளி யோனாவும் பல் வைத்தியரும், இரண்டாம் வெள்ளி ரக்ஷனாவும் ரபியை இழுத்த மேலங்கிக்காரரும், அவருடைய பெயரை விசாரிக்கவேண்டும், மூன்றாம் வெள்ளி அந்த இளம் தம்பதி, அவர்களுக்கு இன்னும் தெரியாது, சொன்னால் ஓடிவிடுவார்கள், ஆதலால் பாண் சாப்பிடும்போது சொல்லவேண்டும்.

"அம்மா!" ரக்ஷனா மேசையருகிலிருந்து கத்தினாள். "பாண் பிய்க்கப் போகினம். கெதியா வாங்கோ. ரெண்டு பேரும் வாங்கோ!"

"என்ன சொல்கிறாள்?" என்றார் யோசெப்.

"நாங்கள் பிந்திவிட்டோம் என்கிறாள்," என்றாள் கஜந்தினி. இருவரும் ஆறுதலாக நடந்தார்கள்.